பெரியப்பா தொடாத ஜாங்கிரி

அக்காவுக்கு நல்லேப்பிள்ளியில் மாப்பிள்ளை அமைந்து எல்லாம் கூடிவந்த நேரத்தில், பெரியப்பா ஒரு ஜாங்கிரியைத் தின்னாமல் எழுந்துவிட்டார். அதனால் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எருத்தேன்பதியில் எங்கள் ஆட்களுக்கு, பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரை அங்கே பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அப்பாவுக்கு மூத்தவர், எழுபதைத் தொட்டவர் என்பதால் பெரியப்பாவைத்தான் முதல் இலையில் உட்காரவைத்தார்கள். உள்ளே நுழையும்போதே இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். அம்மா முகம் சுருங்கியது. சகுனம் பார்க்கிறவள்.

நான் மூன்றாம் வகுப்புக்காரி. எதிர்வரிசையில் உட்கார்ந்து, என் ஜாங்கிரியை முடித்துவிட்டு அவருடையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் இலையின் நுனிப்பக்கம், அதாவது சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வைத்திருந்தார்கள். பெரியப்பா வலது பாதியை வழித்துச் சாப்பிட்டார். இடது பாதியில் ஒரு விரல்கூடப் படவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்தார். அதன்பிறகு அவர் எங்கள் பந்திப் பக்கமே வரவில்லை. வெளியே வந்து பெரியப்பா ஒற்றைச் செருப்போடு நின்று மற்றதைத் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

காரில் ஏறியதும் அவர் சொன்னார்: "கூப்புட்டு உக்கார வெச்சு, ஒரு இனிப்பு வெக்கோணும்னு அவிங்களுக்குத் தோணுலயே. நம்ம புள்ளைய இந்த ஊட்டுக்கா குடுக்கறது?"

"வெச்சாங்கண்ணா. நானே பாத்தேன்."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜாங்கிரியை நானும்தான் பார்த்தேன். பெரியப்பா பொய் சொல்கிறவரும் இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று யோசித்து யோசித்து எனக்கு அழுகையே வந்தது.

இங்கே பெரியப்பா, தன்னை அவமதித்துவிட்டார்கள் என்று குமுற, அங்கே அவர்கள், பெரியவருக்கு இஷ்டமில்லை, இனிப்பைத் தொடவே இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். அக்காவின் போனுக்கு மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு வருவது நின்றது. அவள் சோறு தின்னாமல் கிடந்தாள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வாசலில் முகம் பார்க்காமல் நடந்தார்கள். வீடே பிடிக்காமல் போயிற்று எனக்கு.

அடுத்த வாரம் பெரியப்பா மொபெட்டோடு சாலையின் இடப்பக்கக் கால்வாயில் விழுந்தார். கோயமுத்தூரில் டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்தாராம். கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, மூளையின் பின்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போய்விட்டது, போனதும் அவருக்கே தெரியாது, அதனால் அந்தப் பக்கம் தேடவும் தோன்றாது என்றாராம். அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே தேம்பி அழுதுவிட்டு நல்லேப்பிள்ளிக்குப் போன் செய்தார்.

பெரியப்பா வீடு திரும்பிய பிறகு மாப்பிள்ளையின் அப்பா வந்தார். கையில் ஜாங்கிரிப் பொட்டலம். கட்டிலுக்கு இடப்பக்கம் கிடந்த நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியப்பா நேரே அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, நல்லேப்பிள்ளியில இருந்து இன்னும் ஆரும் வரலியா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டே விளையாடுகிறார் என்று நினைத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு ஜாங்கிரியை எடுத்துப் பெரியப்பாவின் வலது கையில் வைத்தார்.

"வந்துட்டனுங்க, சம்மந்தி."

பெரியப்பா அதை முழுசாகத் தின்றார். கதவோரம் நின்ற அக்கா விசும்பினாள். நல்ல நாற்காலியை விட்டுவிட்டு இவர் ஏன் தரையில் போய் உட்கார்ந்தார் என்று நான் மேலே பார்த்தேன். அந்தப் பக்கம் ஃபேன் காற்று வரவில்லையாக்கும் என்று முடிவுசெய்துகொண்டேன்.