தொட்டிக்குக் கடன் கொடுத்தவர்

வெல்டருக்குத் தெருவில் தொட்டிக்காரர் என்றுதான் பெயர். மேட்டில் தண்ணீர்த் தொட்டி கட்ட நகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டபோது, சேமிப்பு முழுவதையும் அதில் போட்டவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி, பத்து வருடம் முடிந்ததும் போட்ட முதல் திரும்ப வரும் என்பது ஏற்பாடு. வட்டி வந்த மறுநாள் மேடேறிப் போய், தொட்டியின் இரும்பு ஏணி துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். தண்ணீர் வராத நாளில் பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு அவர் வாசலுக்கே வந்துவிடுவாள்.

"என்னண்ணே, உங்க தொட்டிக்கு இன்னிக்கு என்ன கோவம்?"

அவரும் பெருமையாகச் சிரிப்பார்.

ஏழாம் வருடம் அவர் மனைவிக்கு இதய வால்வு பழுதானது. ஆபரேஷனுக்கு முதலைத் திருப்பிக் கேட்டுப் போனார். தவணை முடியாமல் தர முடியாது, அவசரமென்றால் வங்கி மூலம் வேறு யாருக்காவது விற்றுக்கொள்ளலாம் என்றார் நகராட்சிக் கணக்கர். வங்கியிலோ, புதுப் பத்திரங்களுக்கு வட்டி ஏறிவிட்டது, பழசை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்தால்தான் ஆள் கிடைக்கும் என்றார்கள். பத்திரத்தை அவர் தலையில் கட்டும்போது மட்டும் இதைச் சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை.

மறுபடி நகராட்சிக்கு வந்து நின்றார்.

"தண்ணி வரி ரெண்டு நாள் தள்ளிப்போச்சுன்னு அபராதம் போட்டீங்க. என் காசுக்கு நான் மூணு வருஷம் பொறுக்கணுமா?"

"பத்திரத்துலயே போட்டிருக்குங்க, பெரியவரே."

"கடன் குடுத்தவன் நான். கையைக் கட்டி நிக்கறவனும் நானா?"

கணக்கர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வந்த விலைக்கு விற்றார். மனைவி பிழைத்தாள். துண்டு விழுந்த பணத்தை ஈடுகட்ட, ஓய்ந்திருந்த மனிதர் மறுபடி வெல்டிங் கம்பியைப் பிடித்தார். காற்றுப் புகாத டேங்குகளுக்குள் இரண்டு வருடம் புகையைக் குடித்தார். நுரையீரல் போயிற்று. பத்தாம் வருடம் மருத்துவமனையில் அவரும் போனார்.

அடுத்த மாதமே பத்திரத்தின் தவணை முடிந்தது. சொன்ன தேதியில், ஒரு காசு குறையாமல், முதல்தொகை பட்டுவாடா ஆனது. அவருக்கு இல்லை, மலிவாக வாங்கிப் போட்டவருக்கு.

அன்று மனைவி தண்ணீர் வரி கட்டப் போனாள். அவர் இறந்த வாரம் கட்டத் தவறியதற்கு அபராதம் சேர்ந்திருந்தது. அதே கணக்கர்தான்.

"அவரை மூணு வருஷம் பொறுக்கச் சொன்னீங்க. எனக்காக நீங்க ஒரு வாரம் பொறுக்க முடியலையாய்யா?"

கணக்கர் ரசீதில் முத்திரை குத்தி, மீதிச் சில்லறையோடு அவள் பக்கம் தள்ளினார்.