அக்கா கேட்டது பிரதி, நான் ஒட்டியது அசல்

எங்கள் குடும்பத்தின் மூத்த மகளாகிய அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரது பொறுமையைப் பற்றி உறவினர்கள் பலரும் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு அதிக வேலை வைத்தவள் நான். ஆகவே என் பங்கை நானே எழுதிவிடுகிறேன்.

இறம்பொடைக்கு மேலேயுள்ள தோட்டத்தில், தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கும் எங்கள் அப்பாவுக்குத் தலைப்பிள்ளையாக அக்கா பிறந்தார். நுவரெலியாவில் சித்தி வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் அவ்வளவு படித்த பெண் வேறு யாரும் இல்லை. அவர் திரும்பி வந்த வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் விலகிப் போய், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. எனக்கும் தம்பிக்கும் வீடே பள்ளிக்கூடமாயிற்று. மறுபடி திறக்கும்போது அக்காவையே உதவி ஆசிரியையாக வைத்துக்கொள்ளலாம் என்று தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாரப் பாடத்துக்கு என்னென்ன செய்வது என்று ஒரு கொப்பியில் எழுதிவிடுவார். சும்மா உட்கார்ந்து மனப்பாடம் செய்வது அவருக்குப் பிடிக்காது. பூமிசாஸ்திரத்துக்கு, லயத்தின் பின்புறம் செம்மண்ணைக் குழைத்து இலங்கையைச் செய்தோம். நடுவில் மலையை உயர்த்தி, அகப்பையால் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஓடைத் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக் கடலுக்குப் போகிறது என்பதை அப்படித்தான் அறிந்தேன். கடல் என்றால் உப்புக் கரிக்க வேண்டாமா என்று தம்பி வீட்டு உப்பில் பாதியைக் கொட்டி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சரித்திரத்துக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தார். “ராஜாக்களப் பத்திப் புஸ்தகம் இருக்கு. நம்மளப் பத்தி நாமதான் எழுதணும்,” என்றார். உடைந்த பெட்டிப் பலகை ஒன்றை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். அதில் வருடங்களுக்குக் கோடு போட்டு, எங்கள் குடும்பம் இத்தோட்டத்துக்கு வந்தது முதல் தம்பி பிறந்தது வரை நிரப்ப வேண்டும். தகரப் பெட்டியில் இருந்த அப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் பழைய தோட்டத் துண்டுச் சீட்டுகளையும் பார்த்துப் பிரதி எழுதி ஒட்டும்படி என்னிடம் சொன்னார். அசலைப் பத்திரமாகத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அப்பா பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு விசாரணைக்குக் காத்திருந்த காலம் அது. அவர் இந்த நாட்டில் பிறந்தவர் என்பதற்கு அந்தச் சான்றிதழ்தான் அத்தாட்சி.

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுதச் சோம்பல் வேறு. அசலே இருக்கும்போது பிரதி எதற்கு என்று என் புத்தி கேட்டது. அக்கா இல்லாத நேரம் பார்த்துக் கோதுமை மாவில் பசை காய்ச்சி எல்லாவற்றையும் பலகையில் ஒட்டினேன். பிறப்புச் சான்றிதழ் கோடுகளுக்குள் அடங்கவில்லை. அடிப்பக்கத்தைக் கத்திரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டேன். முத்திரை அந்தத் துண்டில்தான் இருந்தது.

மறுநாள் அக்கா அதைக் கண்டு, ஈரத்துணி வைத்து உரித்துப் பார்த்தார். மை கலங்கி எழுத்தும் போயிற்று. அப்போதுதான் அப்பா வேலை முடிந்து உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த துணியையும் பார்த்தார்.

“நான்தாம்ப்பா பாடத்துக்குக் கேட்டேன்,” என்றார் அக்கா.

நான் தண்ணீர்க் குடத்தருகே நின்றுகொண்டிருந்தேன்.

வேறு சான்றிதழ் எடுக்க அப்பா அலைந்தது வீணாயிற்று. விண்ணப்பமும் தள்ளுபடியானது. “ஒன் பாடம் போதும். திங்கக்கெழமையிலருந்து கொழுந்து பறிக்கப் போ,” என்று அப்பா அக்காவிடம் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்தபோது கிளாக்கர் ஆள் அனுப்பினார். அப்பா முடியாது என்றுவிட்டார். அதன்பிறகு அவர் அக்காவிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

ஒரு தடவை ஓடையில் துணி துவைக்கையில், அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“வேணாம் பாப்பா. கடுதாசி திரும்பி வரவா போகுது? ஒனக்கு அடிதான் மிச்சம்,” என்றார்.

அவர் இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தே கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கூடை சுமந்த சம்பளத்தில் தம்பியை நானுஓயாவில் படிக்க வைத்தார். தமக்கென்று ஒரு வாழ்வை அமைத்துக்கொள்ளவில்லை. நெஞ்சு நோயில் விழுந்த கடைசி மூன்று மாதங்களும் அப்பாதான் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். குவளையைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கம்பளியில் தூக்கி அக்காவைப் பெரிய ரோட்டுவரை கொண்டுவந்த லயத்துச் சகோதரர்களுக்கும், நேரம் பாராமல் வந்த மருந்துக்காரர் ஐயாவுக்கும், கொழுந்து மலையிலிருந்து வேலை முடிந்து இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு இருந்த பெண்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தச் சொல்லாமல் முழுவதும் கேட்டார். “அவ இருக்கையில சொல்லியிருந்தா, ஒரு வார்த்த பேசியிருப்பேனே தாயி,” என்றார்.