கீழ்வீட்டு அங்கிள் சொல்லாத தேதி

நான் எழுதிப் பழகியவள் அல்ல. ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தேன். பிறகு நியூஜெர்சியில் ஹைஸ்கூலோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற நான் இதை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே ஐசலின் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு பிரெஞ்சுக்காரர் தனியாக இருந்தார். எனக்கு அவர் அங்கிள். ஹிட்லரின் படை அவருடைய நாட்டைப் பிடித்திருந்தபோது, யூதர்களுக்குப் பொய்ச் சான்றிதழ்கள் செய்து கொடுத்த ரகசியக் கூட்டத்தில் இருந்தவர். வேறு பெயர், வேறு பிறந்த தேதி, அசல் போலவே முத்திரை. மாட்டியிருந்தால் அவரையும் சுட்டிருப்பார்கள். அம்மா கொடுக்கும் ரசத்துக்கே கண்ணில் நீர் வழிய இருமுகிறவர் அவர். இவரா அதையெல்லாம் செய்தார் என்று எனக்குச் சந்தேகம்.

எனக்குப் பதினோரு வயதானபோது, டெக்சாஸிலிருந்து ஒரு பெண்மணி அவரைப் பார்க்க வருவதாக போன் செய்தார். கைக்குழந்தையாக இருந்தபோது அங்கிள் செய்த சான்றிதழால் உயிர் பிழைத்தவர். அவரைப் பெற்றவர்கள் திரும்பி வரவில்லை. ஊர்ப் பதிவேடுகளும் போரில் எரிந்துபோயின. தன் உண்மையான பிறந்தநாள் எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைக் காதால் கேட்டவர்களில் மிஞ்சியிருந்தவர் அங்கிள் மட்டுமே.

அங்கிளுக்கோ நினைவில்லை. குழந்தையின் தாய் சொன்ன தேதியை எழுதிவைத்த துண்டுச் சீட்டை அன்றே எரித்துவிட்டார். அது யார் கையிலாவது சிக்கினால் குழந்தையின் உயிர் போய்விடும். மாடியேறி வந்து இதைச் சொன்னவர், அந்தப் பெண்மணியை எங்கள் வீட்டிலேயே சந்திக்கலாமா என்று கேட்டார். தனியாகச் சந்திக்க அவருக்குப் பயமாக இருந்தது.

அவர் இறங்கிப் போனதும் அப்பா சொன்னார்:

"ஏதோ ஒரு டேட்டைச் சொல்லிட்டா அந்தம்மா சந்தோஷமாப் போயிடும். என் பர்த்டேவே ஹெட்மாஸ்டர் போட்டதுதானே? நான் என்ன கெட்டுப்போயிட்டேன்?"

நிஜம்தான். கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களாம். கிரீன் கார்டிலும் அதே தேதிதான்.

"ஐப்பசி அடைமழையில பொறந்தீங்கன்னு சொல்ல உங்களுக்கு உங்கம்மா இருந்தாங்க," என்றாள் அம்மா. "அவளுக்கு யாரு இருக்கா? நீங்க பேசாம இருங்க."

"யாரும் இல்லாதவளுக்கு ஒரு தேதியாவது இருக்கட்டுமேடி."

எனக்கு அப்பா பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்மணி வந்தார். என் அம்மாவைவிடப் பெரியவர். ஆனால் அங்கிள் முன்னால் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் போல சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அப்பா அங்கிளையே பார்த்தார். சொல்லுங்கள் என்பது போல லேசாகத் தலையைக்கூட ஆட்டினார்.

தெரியாது என்றார் அங்கிள்.

குளிர்காலமா, கோடைக்காலமா, அதுவாவது தெரியுமா என்று அந்தப் பெண்மணி கேட்டார். அதுவும் தெரியாது என்றார் அங்கிள்.

அப்புறம் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். உன் அம்மா அந்தத் தேதியை இரண்டு முறை சொன்னாள். ஒரு முறை நான் எழுதுவதற்காகச் சொன்னாள். நான் எழுதி முடித்த பிறகு, உன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். அது எனக்காகச் சொன்னதல்ல. அதனால் நான் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

அந்தப் பெண்மணி கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அங்கிள் மேல் கோபம் கோபமாக வந்தது. எத்தனையோ பேருக்குப் பொய்த் தேதி எழுதியவர், இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒன்றே ஒன்று சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் அந்தப் பெண்மணி டெக்சாஸுக்குத் திரும்பினார். அங்கிள்தான் காரில் கூட்டிக்கொண்டு போய் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தார்.