மாப்பிள்ளை கொண்டுவந்த ஐஸ்

எங்கள் அக்கா வீட்டுக்காரர் இராமேஸ்வரத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில், மீன்காரர்களுக்கு ஐஸ் பார்களை எண்ணி விடுகிற வேலை பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் நயினார்கோவில் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்துவிட்டால், அந்தக் கம்பெனியே தன் தலைமேல்தான் ஓடுகிறது என்பதுபோலப் பேசுவார். எங்கள் வீட்டு ஆண்கள் வாய் பிளந்து கேட்பார்கள். மாப்பிள்ளை கொட்டாவி விட்டால்கூட அதில் விஷயம் இருக்கும் என்று நம்பிய கூட்டம் அது.

அந்த வருஷம் மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரத்தில் கிணற்று ஆயில் எஞ்சின் நின்றுபோனது. பேரிங் தேய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் காய் தேறும். பாயாவிட்டால் செடி அடுப்புக்குத்தான் ஆகும். பரமக்குடியில் புது பேரிங் வாங்கியாயிற்று. மெக்கானிக்கையும் அங்கிருந்தே கூட்டி வந்திருக்கலாம். மாப்பிள்ளை இருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டால் அவர் முகம் சுண்டிப்போகுமாம். என்னைப் பெற்ற அய்யா அவருக்குத்தான் ஆள் அனுப்பினார்.

வந்தார். உமி போட்ட சாக்கில் ஐஸோடு வந்தார். பாதி வழியிலேயே உருகி, மிச்சம் மீன் நாற்றம் அடித்தது. ஊரே வந்து தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டது.

பேரிங் ஓர் இரும்பு வளையம். அது எஞ்சின் தண்டில் இறுக்கமாக ஏற வேண்டும். வளையத்தை எண்ணெயில் போட்டுச் சுடவைத்தால் விரியும், தண்டில் ஐஸை வைத்துக் கட்டினால் அது சுருங்கும், கையாலேயே தள்ளிவிடலாம். மச்சானோ அதற்கு நேர்மாறாக, வளையத்தைத் தூக்கி ஐஸுக்குள் புதைத்தார். கம்பெனியில் மெக்கானிக் ஒருவன் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறார். அங்கே பேரிங் ஒரு குழிக்குள் இறங்க வேண்டியிருந்தது, அதனால் அவன் அதைச் சுருக்கினான். இவர் ஐஸை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"மச்சான், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவக் காய்ச்சித்தான மாட்டுறாக? இதயும் காய்ச்சணும்ல" என்றேன்.

"ஏலே, வாய மூடு. மாப்பிள்ளைக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்" என்றார் அய்யா. ஆசாரி பட்டறையில் பட்டா காய்ச்சுவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் அவர். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தவர்கள்தான்.

வளையம் ஏறவில்லை. மச்சான் சம்மட்டி கேட்டார். ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார்கள். நாலு அடியில் பேரிங் விரிசல் விட்டது, தண்டின் முனையும் நசுங்கியது. இனி தண்டையே கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும்.

"ஐஸ் பத்தல" என்றார் மச்சான், கையைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா மாப்பிள்ளை. இங்கன வெக்கை சாஸ்தி" என்றார் அய்யா. பிறகு உள்ளே போய்க் கோழி அடிக்கச் சொன்னார். எனக்கு அன்று அந்த மனிதரைவிட அய்யா மேல்தான் அருவருப்பு வந்தது. அது இன்றுவரை குறையவில்லை.

தண்டு மதுரையிலிருந்து திரும்புவதற்குள் தோட்டம் காய்ந்துவிட்டது. அங்கங்கே தப்பிய செடிகளில் கொஞ்சம் பழம் பறித்து உலர்த்தினோம். பெரும்பாலும் வெளிறிய சோடை. அய்யா களத்தில் குந்தி, அதில் சிவந்ததாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி ஒரு பையில் கட்டினார். சந்தைக்குத்தான் என்று நினைத்தேன்.

"இத அக்கா வீட்ல குடுத்துட்டு வாலே" என்று பையை என்னிடம் நீட்டினார். "மாப்பிள்ளை காரம் விரும்பிச் சாப்புடுவாரு."