சொல்லாமல் விட்ட ஐம்பது கிலோமீட்டர்

அக்கா, உன் வண்டிக்கு நான்தான் ஸ்பேசர் போட்டேன். ஒழுங்காகத்தான் போட்டேன். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் வேண்டுமென்றே விழுங்கிவிட்டேன். உன்னிடம் சொல்ல இனி வழியில்லை. அதனால் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் பெங்களூர் அடுகோடியில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். ஏழாவதோடு படிப்பு நின்றது. பிக்கப் வண்டி ஓட்டி வீட்டைப் பார்த்துக்கொண்டது அக்காதான். சந்தாபுராவில் தண்ணீர் கேன் ஏற்றி, எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மெண்டுகளில் இறக்குவாள். கிட்னி போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனதும், கூட கேன் இறக்கிக்கொண்டிருந்த சிநேகிதி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவள்தான். நான் கடையில் லீவு கேட்கவே தயங்கினேன். சாவதற்கு முன் அக்கா வண்டியை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. வண்டிக்காக இல்லை. வாரத்தில் அந்த மூன்று நாளுக்காக.

அக்கா போன மூன்றாவது மாதம் அந்தச் சிநேகிதி வண்டியோடு கடைக்கு வந்தாள். போட்டிருந்தது அக்காவின் ஜெர்கின். கையை அக்கா மாதிரியே மடித்துவிட்டிருந்தாள்.

“தம்பி, பின்னாடி அகல டயர் போட்டேன். லோடு ஏத்துனா உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில உரசுது. ஸ்பேசர் வாங்கினு வந்துட்டேன், போட்டுக் குடு.”

வயசுக்கு அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. “வைங்க, பாக்கறேன்” என்றேன்.

ஸ்பேசர் என்றால் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கிற கனமான அலுமினிய வட்டு. வீலை ஒரு இஞ்ச் வெளியே தள்ளும். கடை ஓனர் பாய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மால் நல்லாதான் கீது. ஹப்புல ஆடாம டைட்டா உக்காரணும். ரெண்டு பக்கமும் போடு. ஒரு பக்கம் போட்டுட்டு விட்டேன்னு வை, வீலுக்குப் பதிலா உன்னை மாட்டிடுவேன்.”

முன் வீலுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வீல்களைக் கழற்றினேன். ஹப்பில் துரு ஒரு பொட்டு இருந்தாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும் என்பதால் கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். பழைய போல்ட்டுகள் ஸ்பேசரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். நீட்டவில்லை. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். போதுமான அளவு வந்ததும் அது டக்கென்று சத்தம் கொடுக்கும்.

அவள் பக்கத்தில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள்.

“ஊசி குத்தும்போது உங்க அக்கா என் கையதான் புடிப்பா. நகம் பதிஞ்சிடும். ‘என் தம்பிகிட்ட சொல்லிடாதடி, பயந்துருவான்’னுவா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கா என்னிடம் சொன்னதெல்லாம் “ஒண்ணும் இல்லடா, டிவி பாத்துனு படுத்திருந்தேன்” என்பதுதான். வலியில் நகம் பதித்த அக்கா இவளிடம் இருந்திருக்கிறாள். எனக்குக் கிடைத்தது டிவி பார்த்த அக்கா.

“அவ்ளோதானா? வேற ஏதாச்சும் பாக்கணுமா?” என்று கேட்டாள்.

பார்க்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து, வீலைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் ஸ்பேசர் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். புதுசாகப் போட்டது உட்காரும்போது நட்டு கொஞ்சம் தளரும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

“அவ்ளோதான். போங்க” என்றேன்.

அவளுக்கு ஏதாவது ஆகட்டும் என்று நினைத்தேனா? சத்தியமாக இல்லை என்று எழுத ஆசை. வண்டி நடுரோட்டில் நிற்கட்டும், இவளுக்குக் கொடுத்தது தப்பு என்று நாலு பேர் சொல்லட்டும் என்று நினைத்தேன். வீல் கழன்றால் வண்டி நிற்காது, கவிழும். அது எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் போகிற டிரிப்புக்கு மத்தியானத்துக்குள் ஐம்பது தாண்டிவிடும். போன் அடித்தேன், எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். பாயிடம் போனேன்.

“பாய், நேத்து அந்தப் பிக்கப்புக்கு ரீடைட் சொல்லல.”

“மறந்துட்டியா?”

“இல்ல.”

பாய் ஜாக்கியையும் டார்க் ரெஞ்சையும் பையில் போட்டுக் கொடுத்தார். “என் பைக்க எடு. நின்னு பேசினு இருக்காதே, ஓடு.”

ஓசூர் ரோடு முழுக்க ஓரத்தில் எங்கேயாவது பிக்கப் சாய்ந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அவள் எப்போதும் கேன் இறக்குகிற அபார்ட்மெண்ட் கேட்டில், தோளில் கேனோடு நின்றிருந்தாள். பைக்கை வண்டிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினேன்.

“என்ன தம்பி, தண்ணி வேணுமா?”

“வண்டிய எடுக்காதீங்க.”

வண்டியை நகர்த்தச் சொல்லி செக்யூரிட்டி கத்தினான். “ஐது நிமிஷ அண்ணா, வீல் ப்ராப்ளம்” என்று கன்னடத்தில் ஐந்து நிமிஷம் கேட்டு அவனைச் சமாளித்தாள். இடது பக்க வீலைக் கழற்றி இறுக்கினேன்; அது பரவாயில்லை. வலது பக்க வீலைக் கழற்றினேன். ஒரு நட்டு கையால் தொட்டாலே சுற்றியது. அதை அவளும் பார்த்தாள்.

“இப்படி ஆவும்னு நேத்தே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்டா சொல்லல?”

“அக்கா உங்க கையப் புடிச்சாங்கல்ல. அதான்.”

நான் இறுக்கினேன். வீலை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, வீல் நட்டுகளையும் இறுக்கினேன்.

“அறைஞ்சா பல்லு கொட்டிடும்” என்றாள். “என் கையப் புடிச்சினு யாரைப் பத்திப் பேசுனான்னு நெனைக்கிற? தம்பி சாப்ட்டானா, தம்பி தூங்குனானா. நாலு மணி நேரமும் இதே. எனக்கு எரியாதா? கேன தூக்கு. நாலாவது மாடி, லிஃப்ட் ஓடல.”

பதினாறு கேன் தூக்கினேன். கிளம்பும்போது, “நூறு ஓடுனதும் கடைக்கு வாங்க, திரும்பப் பாக்கணும். கண்டிப்பா வாங்க” என்றேன். அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்னும் இருக்கிறது. ஆனால் அக்காவுக்காக நான் ஒருத்தன் மட்டும் அழ வேண்டும் என்று பிடித்துவைத்திருந்ததில், இன்னொரு உயிர் போயிருக்கும். வீட்டில் நாங்கள் கும்பிடும் புத்தர் படத்துக்கு முன்னால் அக்காவுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போதுகூட யாரும் வரக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தவன் நான். அக்காவை எனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் யாரைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, என் அக்கா நிம்மதியாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.