மனுசி வேற ஆள்

போன கிழமை மீன் வாங்கவென்று துறைமுகப் பக்கம் போனேன். உள்துறைமுக வீதியோரத்தில் யாரோ ஒருவர் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. பிறகென்ன, மீனை மறந்து ஒரு கட்டு வல்லாரையோடு வீடு வந்து சேர்ந்தேன். "மீன் எங்கை?" என்று இவர் கேட்டார். "வார்னிஷ் மணத்தில விட்டிட்டு வந்திட்டன்" என்றேன். கல்யாணம் கட்டிய நாள் முதல் என் கதைகளுக்குப் பழகியவர். வல்லாரையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் திரும்ப வரத் தொடங்கிய காலம். கிண்ணியா ஹாஜியார் ஒருவர் இறக்கக்கண்டியில், கடல் உள்ளே புகுந்து தேங்கும் களப்போரமாகச் சின்ன ஹோட்டல் ஒன்று கட்டினார். கடல் பார்த்த காணியெல்லாம் பெரிய கைகளுக்குப் போய்விட்டதால் அவருக்குக் கிடைத்தது களப்புப் பார்த்த காணி. அவர் அதையே பெருமையாக்கிவிட்டார். "கடல் எல்லார்ட்டயும் இரிக்கி. களப்பு என்னட்ட மட்டுந்தான் இரிக்கி" என்பார்.

பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் போய் அங்கே வேலை செய்தேன். பெயருக்கு வரவேற்பாளர். ரெலிபோன் எடுப்பதும் நான், படுக்கை விரிப்பு எண்ணுவதும் நான், குரங்கு தூக்கிப்போன கண்ணாடிக்கு மன்னிப்புக் கேட்பதும் நான். என் ஆங்கிலம் பாடப்புத்தகத்து ஆங்கிலம். எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்பதாக நினைத்து, எப்போது காலமாகிறீர்கள் என்று ஒரு பிரான்ஸ்காரரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பாவம், யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றார். அன்னெக்கா குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்.

அன்னெக்காவும் பீற்றரும்தான் அந்த ஹோட்டலை நடத்தினார்கள். ஒல்லாந்துக்காரர்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. இங்கே சுற்றிப் பார்க்க வந்து, ஹாஜியாரோடு பழகி, அவருடைய சம்பளத்துக்கு அங்கேயே தங்கிவிட்டவர்கள். வள்ளம், தண்ணீர் மோட்டர், கூரை எல்லாம் பீற்றர் பாடு. குசினியும் அறைகளும் அன்னெக்காவுடையவை. பின்னேரம் வேலை முடிந்ததும் களப்புக்குள் நீட்டியிருந்த மரப்பாலத்தில் போய் இருப்பார்கள். பீற்றர் தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுக்க அவர் மனைவி குடிப்பார். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் சொன்னோம், பீற்றரின் மனுசி என்று.

எங்கள் சமையற்காரி றீற்றா அக்காவுக்கு அன்னெக்கா என்ற பெயர் வாயில் வராது. அன்னம் என்பா. அன்னெக்காவுக்குத் தமிழ் படிப்பித்ததும் அவதான். வீட்டில் தன் புருசனுக்குப் பீற்றரை உதாரணம் காட்டியே ஏசுவா. "மனுசிக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறார் அந்த மனுசன். நீயும் இருக்கிறாய்." அப்போது நான் புதிதாகக் கல்யாணம் கட்டியவள். நானும் இவரிடம் ஓரிரு முறை பீற்றரை எடுத்துவிட்டிருக்கிறேன். பலன் இருந்தது என்று சொல்லமாட்டேன்.

அன்று காலைச் சாப்பாடு முடிந்து விருந்தினர் புறாத்தீவுக்குப் போயிருந்தார்கள். பூவரச மரத்தடியில் வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு பீற்றர் வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை. நான் கிட்டப் போனபோது வள்ளத்தில் முதுகு சாய்த்து மணலில் இருந்தார். கையில் தூரிகை. அதன் நுனியில் இருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "பீற்றர், மோட்டர் திரும்ப நிண்டிட்டுது" என்றேன். பதில் இல்லை. பம்பில் காற்றுப் பிடித்திருக்கும் போல என்று விளக்கமும் சொன்னேன். செத்தவரிடம் நின்று மோட்டரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது விளங்கியபோது, என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஹாஜியாரின் வான் வண்டியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அன்னெக்கா அவருடைய கையைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அழவில்லை. பரிசோதித்த இளம் டொக்டர் எங்கள் ஊர்ப் பிள்ளை. முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் தமிழில் கேட்டார்.

"இவ ஆர், மனுசியோ?"

நான் ஓம் என்று சொல்ல வாய் திறக்கமுன் அன்னெக்கா தமிழில் சொன்னார்.

"இல்லை. மனுசி வேற ஆள். ஒல்லாந்தில இருக்கிறா."

பால் முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரியான குரல். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். காலையில் ஒருவர் சாய்ந்திருந்த இடத்திலேயே செத்துப்போனது எனக்குள் இன்னும் இறங்கவில்லை. அதற்குள் இது.

வெளியே வாங்குப் பலகையில் இருந்தபடி, ஒரு ரெலிபோன் இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார் அன்னெக்கா. "நீங்கள் கதையுங்கோ. என்ர குரல் கேட்டா அவ வைச்சிடுவா."

எடுத்தேன். மறுபக்கத்தில் ஒரு பெண். என் பாடப்புத்தக ஆங்கிலத்தில், பிழை விட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லாக அடுக்கி, உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்றேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "அவள் தனியாகவா நிற்கிறாள்?"

வன்மத்தில் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ஓம், தனியாகத்தான் என்றேன். "நான் வருகிறேன்" என்று வைத்துவிட்டார்.

செய்தி எங்களுக்கு முன்னமே இறக்கக்கண்டிக்குப் போய்விட்டது. றீற்றா அக்கா குசினியில் நின்று, கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவினா. "அந்தாளை வைச்செல்லோ பிள்ளை நான் என்ர மனுசனுக்கு ஏசினனான்" என்றா. "இனி அவருக்கு நான் என்ன சொல்லுறது?" சொல்லிவிட்டுப் போனவதான், அடுத்த நாள் வரவில்லை. ஹாஜியார் வந்து கதிரையில் இருந்தார். "அவங்கட விசயம் அவங்களோட. மய்யத்த வெச்சிக்கிட்டு இரிக்க ஏலா, அடக்கோணும்" என்றார்.

அடக்குவதுதான் பிரச்சினை. இந்த மண்ணிலேயே கிடக்க வேண்டும் என்று பீற்றர் பலமுறை சொன்னவராம். ஆனால் சட்டப்படி முடிவு மனைவியுடையது என்று கொழும்பில் இருக்கும் அவர்களுடைய தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். "அவ கொண்டுபோயிடுவா" என்று அன்னெக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். சாப்பிடவில்லை. விருந்தினரின் அறைகளை மட்டும் வழமைபோலக் கூட்டித் துடைத்தார்.

பீற்றரின் மனைவியை அழைத்துவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஹாஜியாரின் வான் வண்டியில் போனது நான்தான். பெயர் வில்மா. கூட்டத்துக்குள் அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அதே நீண்ட மூக்கு. தலையை இடப்பக்கம் சரித்துப் பார்க்கும் அதே பார்வை. தலைமயிர் மட்டும் முழு வெள்ளை. அன்னெக்காவை வயதாக்கி அனுப்பியிருந்தது போல இருந்தது. ஹபரணை தாண்டும் வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அன்னெக்கா உங்களுக்கு என்ன முறை என்று கேட்டேன்.

"தங்கச்சி" என்றார். "கூடப் பிறந்தவள்."

ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத எங்கள் சாரதிக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது. வான் ஒருக்கா ஆடி நேரானது. எனக்குத் தலைக்குள் ஓடியதெல்லாம், இவர்கள் இருவரும் இன்றைக்கு ஒரே குசினிக்குள் நிற்கப் போகிறார்கள் என்பதுதான்.

நாங்கள் ஹோட்டலில் வந்து இறங்கியபோது அன்னெக்கா குசினி வாசலில் நின்றார். இரண்டு கையிலும் பிசைந்த மா. வில்மா நேரே போனார். கன்னத்தில் அறை விழும் என்று நினைத்து, பிடித்து விலக்கத் தோதாக நானும் கிட்டப் போய் நின்றேன். வில்மா தங்கையை மேலும் கீழும் பார்த்தார். தங்கள் மொழியில் ஏதோ சொன்னார், ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ. அன்னெக்கா அப்படியே கதவோடு சரிந்து நிலத்தில் இருந்து அழத் தொடங்கினார். பீற்றர் செத்த நாளிலிருந்து அழாத மனுசி. வில்மாவும் பக்கத்தில் குந்தி, மா அப்பிய அந்தக் கைகளைத் தன் உடுப்பிலேயே துடைத்துவிட்டார்.

என்ன சொன்னவ என்று பிறகு கேட்டேன். அன்னெக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "'மெலிஞ்சிட்டாய்' எண்டு சொன்னவ" என்றார்.

அன்று பின்னேரம் ஹாஜியார், அடக்கம் செய்ய வரவிருந்த பங்குப் பாதர், நான் எல்லோரும் இருக்கையில் வில்மா தன் முடிவைச் சொன்னார். "அவரைக் கொண்டுபோக நான் வரவில்லை. அவர் விரும்பிய இடத்திலேயே இருக்கட்டும். நான் இவளைக் கொண்டுபோக வந்தேன்." ரெலிபோனில் கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். அன்னெக்கா மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். அவர் எழும்பித் தன் உடுப்புகளை அடுக்கப் போனார்.

நிலாவெளிப் பக்கச் சேமக்காலையில், கடற்காற்று மணலை வாரி இறைக்கும் ஒரு மூலையில், பீற்றரை அடக்கினோம். றீற்றா அக்கா புருசனையும் கூட்டிக்கொண்டு வந்து தூரத்தில் நின்றா. ஹாஜியார் கேற்றுக்கு வெளியே கைகட்டி நின்றார். சகோதரிகள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக மண் போட்டார்கள். பிறகு வில்மா தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி வான் புறப்படும் வரை விடவில்லை.

திரும்பி வருவேன் என்று சொல்லி விடைபெற றீற்றா அக்கா எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்த 'போட்டு வாறன்' அன்றைக்கு அன்னெக்காவின் வாயில் வரவில்லை. "போறன்" என்றார். ஏறிவிட்டார். சேமக்காலையைத் தாண்டித்தான் வான் போகவேண்டும். அங்கே நிறுத்தச் சொல்லவில்லை என்று சாரதி திரும்பி வந்து சொன்னான்.

பீற்றரின் சாவு ஒரு அதிர்ச்சி, அந்த 'இல்லை' ஒரு அதிர்ச்சி, அக்கா தங்கச்சி என்றது அதைவிடப் பெரிது. இவையெல்லாம் நாளாக ஆறின. அவ்வளவு காலம் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடித்த மனிதரை மணலுக்குள் விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் ஒருத்தி போனதுதான் எனக்கு ஆறவில்லை. றீற்றா அக்காவிடம் சொன்னேன். "ரெண்டு பேர் இருந்த மனுசன், இப்ப ஒருத்தரும் இல்லாமக் கிடக்கிறார்" என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டா. ஆனால் ஆத்துமாக்கள் திருநாளில் ஒவ்வொரு வருசமும் அவருக்கு மெழுகுதிரி கொளுத்தியது அவதான்.

றீற்றா அக்கா இப்போது கனடாவில், மகளோடு. ஹாஜியார் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் ஹோட்டலை விற்றார்கள். வாங்கியவர்கள் இடித்து, களப்போரத்தை நிரவி, உள்ளே பார்க்க முடியாத மதில் எழுப்பியிருக்கிறார்கள். பூவரசும் இல்லை, மரப்பாலமும் இல்லை.

போன ஞாயிறு இவரையும் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போனேன். கையில் மெழுகுதிரி. நாங்கள் நட்டது மரச்சிலுவை. அது எப்போதோ உக்கிப் போயிருக்க வேண்டும். மூலை முழுக்க மணல் ஒரே மட்டமாகப் பரவிக் கிடந்தது. நடுநடுவே புதுச் சீமெந்துக் கல்லறைகள், மேய்கிற ஆடுகள்.

"எது?" என்று இவர் கேட்டார்.

ஒரு இடத்தைக் காட்டினேன். பிறகு இல்லை என்று இன்னொரு இடத்தைக் காட்டினேன். பிறகு காட்டுவதை விட்டுவிட்டேன். அந்தச் சகோதரிகளுக்குப் பின்னால் நின்று நானும் ஒரு பிடி மண் போட்டவள். எங்கே போட்டேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.