மஞ்சள் துணியில் இருந்த வேதம்

முனிரத்தினம் சித்தப்பாவுக்கு நேற்றோடு பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆளாளுக்கு அவரைப் பற்றி ஒன்று சொன்னார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள், வாயால் சொல்ல வராதது எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

எங்கள் வீடு திருத்தணியில், மலைப்படி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெரு. சாமி அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே, மஞ்சள் துணியில் சுற்றிய பழைய புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை போய்விட்டது. உள்ளே முழுக்கத் தெலுங்கு எழுத்து. நைனாவின், அதாவது என் அப்பாவின், தாத்தாவுக்குக் காளஹஸ்தியில் ஒரு சாமியார் கொடுத்ததாம். எங்கள் வீட்டு ஆண்கள் தெலுங்கு பேசுவார்கள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆனாலும் அது வேதம் என்பதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

நான்காம் வகுப்பில் டீச்சர் வேதம் நாலு என்று போர்டில் பெயர்களை எழுதினார். அதற்கப்புறம் உபநிடதம், இதிகாசம், புராணம் என்று வரிசையாக வந்தது. வேதத்தை ரொம்ப காலம் எழுதியே வைக்கவில்லை, வாயால் சொல்லிச் சொல்லியே காப்பாற்றினார்கள் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் புத்தகமாகவே இருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிவந்து நைனாவிடம் கேட்டேன்.

"நாலுல நம்ம வூட்ல கீறது எது நைனா?"

நைனா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "இருக்கறதுலயே பெரிசு" என்றார்.

தெருத் தகராறுகள் எல்லாம் அந்தப் புத்தகத்தின் மேல்தான் தீரும். ஆடு யாருடையது, சைக்கிளை யார் இடித்தது, எதுவானாலும் குளித்து ஈரத்துணியோடு வந்து அதன்மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் வம்சம் நிற்காது என்பார்கள். பாதிப் பேர் குளிக்கப் போகும்போதே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது அதைக் கீழே போட்டுவிட்டேன். துணி அவிழ்ந்து ஒரு தாள் தனியாக வந்துவிட்டது. கண் போய்விடும் என்று நினைத்து அலறினேன். அம்மா ஓடிவந்தாள். அம்மா நகரியில் பிறந்தவள், ஐந்தாவது வரை தெலுங்கில் படித்தவள்.

"அழாதடி. கண்ணும் போவாது, ஒண்ணும் போவாது. இது மாட்டு வைத்தியம்."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். அம்மா அந்தத் தாளில் விரலை ஓட்டினாள். "தோ, வயிறு உப்பிகிச்சின்னா இஞ்சியும் ஓமமும் இடிச்சிக் குடுன்னு போட்டுக்கீது பாரு."

"அப்ப ஏம்மா இதுக்குப் பொட்டு வைக்கிற?"

"கட்டிகினு வந்த புதுசுல சொல்ல பயமா இருந்துச்சி. இப்ப சொன்னா உங்க நைனா ஒடிஞ்சி பூடுவாரு. நீ வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்."

அப்படிச் சொல்லிவிட்டு, தாளை உள்ளே சொருகி, துணியைச் சுற்றி, குங்குமம் வைத்து, தானும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த ரகசியம் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அரக்கோணத்திலிருந்து அத்தை வந்தாள். அத்தை நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. சாப்பிட்டுப் படுக்கும்போது ஜிமிக்கியைக் கழற்றி ஜன்னல் மாடத்தில் வைத்தாள். நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான்.

சித்தப்பா அப்போது கல்யாணமாகாதவர், லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் என்னை மலைக்குக் கூட்டிப்போனார். மேலே போய் மூச்சு வாங்கும்போதுதான் என் காதைப் பார்த்தார்.

"ஏய், இது அக்காவோடது ஆச்சே. கேட்டியா?"

"ஆங், கேட்டேன்."

"சரி, இன்னொண்ணு எங்க?"

தொட்டுப் பார்த்தேன். ஒரு காதில் எதுவும் இல்லை.

ஏறிய படிகளை எல்லாம் குனிந்தபடியே இறங்கினோம். கல் கொதித்தது. காவடிக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு எதிரே ஏறி வந்தது. சித்தப்பா ஒவ்வொருத்தரிடமும், "அண்ணா, கால கொஞ்சம் தூக்குங்கண்ணா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். ஒருத்தர் நின்றுகொண்டே திட்டினார்: "யோவ், சாமி வந்து கீறேன், கால தூக்கு கைய தூக்குன்றியே!"

ஜிமிக்கி கிடைக்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து, "நைனா என்ன கொன்னுடுவாரு சித்தப்பா" என்றேன். நைனா அடிக்க ஆரம்பித்தால் எங்கே படுகிறது என்று பார்க்க மாட்டார். அது சித்தப்பாவுக்கும் தெரியும்.

"நீ வாய மூடிகினு இரு. நான் பாத்துக்கறேன்" என்று இருந்த ஒன்றை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

சித்தப்பா அதை மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பும்போது அத்தை எழுந்துவிட்டாள்.

"ஒண்ண மட்டும் எட்துகினியே, ரெண்டையும் எட்துகினு போறதுதான? அக்கான்ற பாசமா?"

"நான் எடுக்கலக்கா."

"போன வருஷம் உங்க அண்ணன் வாட்ச்சும் நீ எடுக்கலதான்."

வாட்ச்சை அவர் எடுத்தது உண்மை. அதனால் நைனாவும் நம்பவில்லை. "குளிச்சிட்டு வா. வந்து கைய வச்சி சொல்லு. இல்லன்னா இப்பவே வூட்ட வுட்டுப் போ."

சித்தப்பா ஈர வேட்டியோடு வந்து மஞ்சள் துணியின் மேல் கையை வைத்தார்.

"நான் எடுக்கல."

பளிச்சென்று சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். அத்தை விடவில்லை. "எடுத்தது யாருன்னு தெரியாதுன்னும் சேத்து சொல்லு."

அவர் கை துணியிலிருந்து கொஞ்சம் மேலே எழுந்தது. தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. கையை மறுபடி வைத்தார்.

"தெரியாது."

நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. மாட்டு வைத்தியத்தின் மேல் பொய் சொன்னால் என்ன ஆகும்? மிஞ்சிப் போனால் எதிர்வீட்டு மாட்டுக்கு வயிறு உப்பும். சித்தப்பா சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் அவர் மொட்டை போட்டுக்கொண்டார், கல்யாணம் நடந்த வருஷம் உட்பட. கல்யாண போட்டோவில் தலைப்பாகையோடுதான் இருப்பார். ஏன் என்று கேட்டால், "காத்து நல்லா வருது" என்பார். குழந்தை பிறக்கவில்லை. சித்தி எத்தனையோ இடம் கூப்பிட்டும் டாக்டரிடம் போகவில்லை. "எனக்குத் தெரியும் வுடு" என்பார்.

இந்தத் தை மாதம் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தறி வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான் கூட இருந்தேன். கஞ்சி கொடுக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "வேதத்து மேல கைய வச்சி பொய் சொன்னவன். வேற எப்பிடி ஆவும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது என்ன புத்தகம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன், இஞ்சி ஓமம் வரை. அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உங்கம்மா பெரிய ஆளுடி."

அவர் மனசு லேசாகிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாட்டு வைத்தியமோ, இன்னாவோ. நான் கைய வச்சப்ப அது வேதம்தான?"

மூன்றாம் நாள் போய்விட்டார்.

அத்தை, உன் ஜிமிக்கியைத் தொலைத்தது நான். நேற்று நீ அவர் படத்தைப் பார்த்து அழுதபோதே சொல்லியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், விளக்கேற்றும்போது முனிரத்தினம் என்று பேரைச் சொல்லி ஒரு தரம் வேண்டிக்கொள்ளுங்கள். அந்தப் பொய் அவருடையது இல்லை, என்னுடையது என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.